ஊக்கமருந்து: தப்பு யாருடையது, தண்டனை யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வீரரோ வீராங்கனையோ டோப் டெஸ்ட்டில் சிக்கியதும் இரண்டு குரல்கள் கிளம்பும். ஒன்று, "நாட்டுக்கே அவமானம்." இன்னொன்று, "எல்லாரும்தானே போடுகிறார்கள், மாட்டினவன் பாவம்." இரண்டில் எதைச் சொன்னாலும் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தில் கேட்காமல் போகிற சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் வரும்.

ஒரு மருந்தைத் தடை செய்ய என்ன கணக்கு?

1999-இல் தொடங்கப்பட்ட உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமாக வாடா, கனடாவின் மான்ட்ரியலிலிருந்து இயங்குகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதிய தடைப் பட்டியல் நடைமுறைக்கு வரும். ஒரு பொருளை அதில் சேர்க்க மூன்று அளவுகோல்கள்: அது ஆட்டத்திறனைக் கூட்டுகிறதா, உடல்நலத்துக்குக் கெடுதலா, விளையாட்டின் உணர்வுக்கு விரோதமா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். வேறொரு மருந்தைச் சோதனையில் தெரியாமல் மறைக்க உதவுகிற பொருள்களுக்கும் இடம் உண்டு.

முதல் இரண்டையும் ஓரளவுக்கு அளந்து பார்க்கலாம். மூன்றாவதுதான் வழுக்குகிறது. 2021-இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஷகாரி ரிச்சர்ட்சனின் சாம்பிளில் கஞ்சா தென்பட்டது. அம்மா இறந்த துக்கத்தில் புகைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். கிடைத்தது ஒரு மாதத் தடைதான். ஆனாலும் தகுதிச் சுற்று முடிவு ரத்தாகி, டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டம் கைவிட்டுப் போனது. கஞ்சா புகைத்தால் வேகமாக ஓடலாம் என்று நம்புகிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

காபி குடிக்கலாம், ஸ்டீராய்டு கூடாதா? கோடு எங்கே?

காபிக்கும் ஒரு காலத்தில் கோடு இருந்தது. 2004 வரை சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் காஃபீன் இருந்தால் அது குற்றம். அப்புறம் எடுத்துவிட்டார்கள். காஃபீன் ஆட்டத்துக்கு உதவும் என்பது ஆய்வுகளில் தெளிவானதுதான். ஆனால் உலகமே காலையில் குடிக்கிற ஒன்றை எந்த அளவில் குற்றமாக்குவது?

ஆக, எல்லாக் கோடும் மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் போட்டதுதான். அதற்காகக் கோடே போலி என்று ஆகிவிடாது. 18 வயதில் ஓட்டுரிமை என்பதும் மனிதர்கள் போட்ட கோடுதானே.

என் உடம்பு, என் ஆபத்து. இதில் மற்றவர்களுக்கு என்ன?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். குத்துச்சண்டை வீரர் தலையில் அடி வாங்குவதை அனுமதிக்கிறோம். எவரெஸ்ட் ஏறிச் செத்தவர்களைக் கொண்டாடுகிறோம். 'உடம்புக்குக் கெடுதல்' என்ற ஒரே காரணத்துக்காக வயது வந்த ஒருவரைத் தடுப்பது பலவீனமான வாதம்தான்.

வலுவான வாதம் வேறு. விளையாட்டில் ஒருவர் எடுக்கும் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. பக்கத்து லேனில் ஓடுபவர் ஊசி போட்டால், போடாதவருக்கு மிஞ்சுவது இரண்டே வழி: தானும் போடுவது, அல்லது வீட்டுக்குப் போவது. மலை ஏறுபவர் அடுத்தவரை ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஊசி போடுபவர் வாய் திறக்காமலே அதைச் செய்கிறார். 1990-களின் சைக்கிள் பந்தயம் இதற்கு நல்ல பாடம். இபிஓ என்ற மருந்து சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தம் கூடுதல் ஆக்சிஜனைச் சுமக்கும். கூடவே ரத்தம் கெட்டியாகி மாரடைப்பு ஆபத்தும் வரும். அதற்கான சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையே அந்த இரண்டு வழிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு டூர் டி ஃபிரான்ஸ் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. அவற்றை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர்களிலும் பலர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியவர்கள்தான்.

அப்படியென்றால் எல்லாருக்கும் அனுமதித்துவிடலாமே? சமமாகிவிடுமே?

டாக்டர் மேற்பார்வையில் அனுமதிக்கலாம் என்று வாதாடும் தத்துவப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் வெறும் வாதத்தோடு நிற்காமல், லாஸ் வேகாஸில் 2026 மே மாதம் 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்று, மருந்துக்கு அனுமதியுள்ள ஒரு போட்டியே நடத்துவதாக அறிவித்தார்கள். அதன் விளம்பரத்துக்காக 2025-இல் கிரேக்க நீச்சல் வீரர் ஒருவர் 50 மீட்டரை 20.89 விநாடியில் நீந்தினார். அதிகாரப்பூர்வ உலக சாதனை அப்போது 20.91. பரிசு பத்து லட்சம் டாலர்.

இதில் எனக்கு இரண்டு இடங்களில் இடிக்கிறது. முதலாவது, மருந்து எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 1997 முதல் சைக்கிள் பந்தயத்தில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இயற்கையிலேயே 48 இருப்பவருக்கு இபிஓ-வால் கூட்ட முடிந்தது இரண்டு. 40 இருப்பவருக்குப் பத்து. மருந்துக்கு யார் உடம்பு ஒத்துழைத்ததோ, யாருக்கு நல்ல டாக்டர் கிடைத்தாரோ அவர் ஜெயிக்கிறார். இதுவா சமம்?

இரண்டாவது, 'பாதுகாப்பான அளவு' என்று எந்த வரம்பு வைத்தாலும் அதையும் தாண்ட ஒருவர் வருவார். அவரைப் பிடிக்க மறுபடியும் சோதனை வேண்டும். சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்போம். நடுவில் பதினாறு வயதுப் பிள்ளைகள் 'எப்படியும் சீனியர் ஆனதும் போடத்தானே வேண்டும்' என்று முன்கூட்டியே தொடங்கியிருப்பார்கள்.

பிறவியிலேயே சிலருக்குச் சாதகம் இருக்கிறதே, அது மட்டும் நியாயமா?

நியாயமில்லைதான். ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா 1960-களில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றார். அவர் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம் இருந்ததைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதனால் அவருடைய ஹீமோகுளோபின் மற்றவர்களைவிட வெகுவாக அதிகம். பிறர் இபிஓ ஊசியில் தேடியது அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது.

விளையாட்டு, வாழ்க்கையின் எல்லா ஏற்றத்தாழ்வையும் சரிசெய்வதாக ஒருபோதும் சொன்னதில்லை. உயரமானவர் கூடைப்பந்துக்குப் போகிறார், குள்ளமானவர் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு. பிறவிச் சாதகம் இன்னொருவரை எதையும் விழுங்க வைப்பதில்லை. முன்பு சொன்ன கட்டாயம் இங்கே இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

விலை உயர்ந்த ஷூவும் நீச்சல் உடையும்?

அவற்றுக்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2009-இல் ரோமில் நடந்த உலக நீச்சல் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளோடு 43 உலக சாதனைகள் நொறுங்கின. 2010 முதல் அந்த உடைக்குத் தடை. சாலை ஓட்ட ஷூக்களின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் விதி வந்தது. ஆனால் உடையைக் கழற்றி வைத்துவிடலாம், ஈரல் கெட்டால் கழற்ற முடியாது. மேலே சொன்ன 20.89-ஐ நீந்தியவர் மருந்தோடு அந்தத் தடை செய்யப்பட்ட உடையையும் போட்டிருந்தார் என்பது உபரித் தகவல்.

தெரியாமல் சாப்பிட்டால்கூடத் தண்டனையா?

ஆம். உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு. எப்படி வந்தது என்று நிரூபிப்பதும் உன் வேலை. ஊக்கமருந்து விதிகளிலேயே மனதை மிகவும் சங்கடப்படுத்துவது இதுதான்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்ட் ஆண்ட்ரியா ரடுகான் தங்கம் வென்றார். ஜலதோஷத்துக்கு அணி டாக்டர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. தங்கம் போயிற்று. அந்தப் பெண்மீது தவறில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், தடையும் விதிக்கவில்லை. ஆனால் பதக்கம் திரும்பவில்லை.

கிரிக்கெட்டில் நமக்கு இன்னும் பழக்கமான கதைகள் உண்டு. 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் ஷேன் வார்ன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உடம்பு இளைக்க அம்மா கொடுத்த மாத்திரை என்றார். அது சிறுநீரைப் பெருக்குகிற மருந்து. பிற மருந்துகளின் தடயத்தை மறைக்கவும் பயன்படும் என்பதால் பட்டியலில் இருந்தது. ஓராண்டுத் தடை. 2011-இல் இலங்கையின் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதம்; தோள்வலிக்கு எடுத்த மூலிகை மருந்து காரணமாம். மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2019-இல் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதம், இருமல் சிரப்பில் இருந்த டெர்புடாலினுக்காக.

இந்த விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும்? மாட்டுகிற எல்லாரும் "தெரியாது" என்பார்கள். பொய்யென்று நிரூபிக்க எந்த முகமையாலும் முடியாது. அதனால் விதி வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் விலையை அப்பாவிகளும் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

சோதனைக்கூடமே தப்பு செய்தால்?

செய்திருக்கிறது. 2015 கடைசியில் இலங்கை விக்கெட் கீப்பர் குசல் பெரேரா ஊக்கமருந்து எடுத்ததாக இடைநீக்கம் செய்யப்பட்டார். நான்காண்டுத் தடை வரும் என்ற பேச்சு எழுந்தது. கத்தார் சோதனைக்கூடத்தின் முடிவை நம்ப முடியாது என்று தெரிந்து, 2016 மே மாதம் ஐசிசி குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் டி20 உலகக் கோப்பை முடிந்துபோயிருந்தது. அவர் பக்கம் நிற்க ஒரு கிரிக்கெட் வாரியமும் வெளிநாட்டு வக்கீல்களும் இருந்தார்கள். ஒரு மாவட்ட அளவு குண்டு எறிதல் வீரருக்கு இதே தப்பு நடந்தால் யார் நிற்பார்கள்?

பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா?

விதிப் புத்தகம் ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் வசதிதான் ஒன்றில்லை. 2024 மார்ச்சில் இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் சாம்பிளில் குளோஸ்டபால் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மசாஜ் செய்தவர் தன் விரல் வெட்டுக்கு அடித்த ஸ்பிரே வழியாக வந்தது என்று அவர் தரப்பு விளக்கியது, தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. வாடா மேல்முறையீடு செய்து, கடைசியில் 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையோடு சமரசம். ஒரு கிராண்ட்ஸ்லாமும் தவறவில்லை.

அவர் விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஸ்பிரே, எந்தத் தேதி, எத்தனை நானோகிராம் என்று சில நாட்களுக்குள் நிபுணர்களைக் கொண்டு நிரூபிக்கப் பணம் வேண்டும். உண்மை இருந்தும் காசில்லாதவர் நான்காண்டு வெளியே உட்கார வேண்டியதுதான். வாடா வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஏழை வீரர்களின் வக்கீல் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மருந்து கொடுத்த கோச்சும் டாக்டரும் என்ன ஆகிறார்கள்?

பெரும்பாலும் அடுத்த பிள்ளையைப் பயிற்றுவிக்கப் போய்விடுகிறார்கள்.

கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசே திட்டம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓரல் டுரினபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தது. சின்னப் பெண்களிடம் அதை வைட்டமின் என்றார்கள். குரல் தடித்தது, முடி முளைத்தது. பதினாறு வயதில் தொடங்கிய ஹைடி கிரீகர் 1986-இல் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 1997-இல் அறுவைசிகிச்சை செய்து ஆணாக, ஆண்ட்ரியாஸ் கிரீகராக வாழத் தொடங்கினார். தான் யார் என்பதைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பை மருந்து பறித்துவிட்டது என்பது அவருடைய வருத்தம். 2000-இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் தலைமை மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. தண்டனை முறையே 22 மாதம், 18 மாதம், இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்டன. ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 ரிலேயில் தங்கம் வென்ற நான்கு பெண்களில் மூவர் 2011-இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுக் கோச் வாங்கிக் கொடுத்த ஜின்செங் சப்ளிமென்ட்தான் காரணம் என்றார்கள். கோச்சுக்கு வேலை போனது. பெண்களுக்கு முதலில் ஓராண்டு, மேல்முறையீட்டில் இரண்டாண்டு. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. சாம்பிளில் இதய மருந்து தென்பட்டுச் சிக்கிய ரஷ்யாவின் கமிலா வலீவாவுக்கு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது வயது 15. பதினைந்து வயதுப் பிள்ளை இதய மருந்தைத் தானே கடையில் கேட்டு வாங்கி விழுங்கியிருக்கும் என்று யாராவது நம்புகிறீர்களா? நான்காண்டுத் தடை விழுந்தது அவர் பெயரில்தான்.

இந்தியாவில் ஏன் இவ்வளவு பேர் சிக்குகிறார்கள்?

2022-இல் 3,865 இந்திய சாம்பிள்களில் 125 தோல்வி, அதாவது 3.2 சதவீதம். இரண்டாயிரத்துக்கு மேல் சாம்பிள் எடுத்த நாடுகளில் அதுதான் அதிகம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பலர் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியது ஒரே ஒருவர். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன.

இதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாநிலப் பதக்கம் என்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை, போலீஸ் வேலை, கல்லூரி சீட். ஒரு குடும்பம் நிமிர அது போதும். அதே குடும்பத்திடம் டயட்டீஷியனும் இல்லை, டாக்டரும் இல்லை; ஜிம் அண்ணன் கொடுக்கிற டப்பாதான் இருக்கிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே பாதி கிடைக்கும்.

திருச்சி பக்கத்து முடிகண்டத்திலிருந்து போய் 2019-இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவை நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். சில வாரங்களில், அவர் சாம்பிளில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாகச் செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார். நான்காண்டுத் தடை, பதக்கம் பறிப்பு. அவர் கிழிந்த ஷூவோடு ஓடினார் என்று ஆயிரம் பதிவு போட்டவர்கள், அவருக்கு ஊட்டச்சத்து யார் பார்த்தார்கள் என்று ஒரு பதிவுகூடப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஏமாற்றியவர் மாட்டினால் நஷ்டப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது?

சிட்னி 200 மீட்டரில் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவது. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் மருந்து எடுத்ததை 2007-இல் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009 டிசம்பரில். ஒன்பது ஆண்டுகளில் விளம்பர ஒப்பந்தமும் மேடையும் யாருக்கோ போய் முடிந்துவிட்டன. இப்போது சாம்பிள்களைப் பத்தாண்டு வரை பத்திரப்படுத்தி மறுபடி சோதிக்கிறார்கள். நல்லதுதான். தபாலில் வருகிற பதக்கத்துக்கு ஸ்டேடியம் எழுந்து நிற்காது.

அதே போட்டியின் 100 மீட்டரில் ஜோன்ஸின் தங்கம் யாருக்கும் போகவில்லை. இரண்டாவது வந்த கிரேக்க வீராங்கனை தானும் 2004-இல் சோதனையைத் தவிர்த்த விவகாரத்தில் சிக்கியிருந்தார்.

'செத்தாலும் பரவாயில்லை, தங்கம் வேண்டும்' என்று வீரர்களில் பாதிப் பேர் சொல்வார்களாமே?

1980-களில் பாப் கோல்டுமன் என்ற அமெரிக்க டாக்டர் பரப்பிய கதை அது: ஐந்தாண்டில் சாவு, ஆனால் தங்கம் நிச்சயம் என்றால் பாதிக்குமேல் சம்மதித்தார்களாம். 2013-இல் வெளியான ஆய்வில் தடகள வீரர்கள் 212 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது சம்மதித்தவர்கள் இரண்டே பேர். மேடைப் பேச்சாளர்கள் இன்னும் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

மாட்டியவர்களை ஆயுளுக்கும் தடை செய்தால் என்ன?

பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் அப்படி ஒரு விதி வைத்திருந்தது. 2012-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. எனக்கும் உடன்பாடில்லை. இருபது வயதில் செய்த தப்புக்கு ஆயுள் என்றால், சொல்லிக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க அந்தப் பையனுக்கு எந்தக் காரணமும் இருக்காது.

வீட்டுக்கே வந்து சோதிப்பது அந்தரங்கத்தில் தலையிடுவது இல்லையா?

தலையிடுவதுதான். முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் குற்றம். 2019 உலக 100 மீட்டர் சாம்பியன் கிறிஸ்டியன் கோல்மன் கிறிஸ்துமஸ் ஷாப்பிங் போனதாகச் சொல்லி மூன்றாவது முறை தவறவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கே போனது. முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை என்பதால் இதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் மகள் மாவட்ட அளவில் ஓடுகிறாள். கோச் ஒரு பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

முதலில் கோச்சிடம் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில். டப்பாவில் கம்பெனி பெயர், பேட்ச் எண், பொருள்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். பிரித்துக் கொட்டிய பவுடர், லேபிள் இல்லாத கேப்ஸ்யூல் வேண்டாம். லேகியம், கஷாயம் எல்லாவற்றுக்கும் இதே விதி. லேபிள் சரியாக இருந்தாலும் உள்ளே கலப்படம் இருக்கலாம் என்பதால், பில்லையும் காலி டப்பாவையும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போகும்போது 'இவள் ஓடுகிறாள், டோப் டெஸ்ட் வரலாம்' என்று சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்க, இந்தியாவின் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கிறது. ஆஸ்துமா மாதிரி உண்மையான நோய்க்குத் தடைப் பட்டியலில் உள்ள மருந்துதான் தேவை என்றால், முறையாக விண்ணப்பித்து விலக்கு வாங்கலாம். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

மாவட்ட அளவில் ஓடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் குறைவது முட்டையும் பருப்பும் தூக்கமும்தான். அந்தப் பவுடரின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கோச்சிடமே கணக்குக் கேளுங்கள்.